ஒடியற்கூழ்

யாழ்ப்பாணத்துச் சமையலைப் பற்றிப் பேசுவோர் ஒடியற்கூழை நம் மூதாதையர் தந்த உணவு என்பர். பாதிதான் சரி. கூழுக்கு உறைப்பூட்டும் செத்தல் மிளகாயும், அதில் துண்டு துண்டாய்க் கிடக்கும் மரவள்ளிக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஐரோப்பியரின் கப்பல்கள் வந்த பின்னரே அவை நம்மை வந்தடைந்தன. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கையில் கால் வைக்குமுன் நல்லூரிலிருந்து ஆண்டவர்கள் கூழ் குடித்திருந்தால், அதன் காரம் மிளகின் காரமாகவே இருந்திருக்கும்.

பழையது ஒடியல்தான். பனங்கொட்டையைப் பாத்தியிலிட்டு, முளைத்த கிழங்கைத் தோண்டி, அவிக்காமல் பச்சையாகவே கிழித்து வெயிலில் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து அரித்தெடுத்த மா கசக்கும். அதைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரை வடித்துவிட வேண்டும். அதிகம் வடித்தால் மணமும் போய்விடும். மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் வெந்த பின், புளிக்கரைசலோடு இந்த மாவைக் கரைத்துவிடுவார்கள். எதை எந்த வேளையில் போடுவது என்பது பெண்களின் கைப்பழக்கம், ஏட்டில் ஏறியதல்ல.

வில்லியம் பெர்குசன் 1850இல் கொழும்பில் வெளியிட்ட பனை பற்றிய நூலில், பனைக்கு 801 பயன்கள் உண்டெனத் தமிழ்ச் செய்யுளொன்று கூறுவதை எடுத்துச் சொல்கிறார். நம் காலத்தில் அவற்றை நினைவூட்டியது புலமையல்ல, தட்டுப்பாடு. 1990இல் வடக்குக்குப் பொருட்தடை வந்தபோது, 'ஏழைகளின் சாப்பாடு' என்று ஒடியலை ஒதுக்கிய வீடுகளிலும் உரல் சத்தம் கேட்டது.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறிய சனத்தோடு நாங்களும் தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த ஆண்டு கொழும்பு. வெள்ளவத்தையில் மீனுக்கும் நண்டுக்கும் குறைவில்லை. எங்களுக்கு ஒடியல் மாதான் கிடைக்கவில்லை. அரிசிமாவைக் கரைத்து ஒன்று காய்ச்சினோம். அதற்குக் கூழ் என்று பெயர் வைத்தது எங்கள் ஆசை. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்துபோனார். அதன்பின் ஆறு ஆண்டுகள் எங்கள் வீட்டில் கூழ்ப்பானை ஏறவில்லை.

2002இல் ஏ9 பாதை திறந்தது. உறவினர் ஒருவர் பழைய பால்மாப் பேணியொன்றில் ஒடியல் மா கொண்டுவந்தார். அம்மா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "மணல் பாத்திக் கிழங்கு. இன்னொரு தண்ணி விட வேணும்" என்றார். பனையோலைப் பிளாவுக்கு எங்கே போவது? எவர்சில்வர் ரம்ளரில்தான் குடித்தோம். கொழும்பில் வளர்ந்த என் மகள் முகத்தைச் சுளித்தாள். பிறகு நண்டுக்காலுக்காகவே இரண்டாம் ரம்ளர் கேட்டாள்.

மிளகாய் பறங்கி கொண்டுவந்தது என்ற என் ஆராய்ச்சியை அன்றுதான் அம்மாவிடம் அவிழ்த்துவிட்டேன். அவர் அகப்பையைப் பானையிலிருந்து எடுக்காமலே கேட்டார்: "அப்ப உனக்கு மட்டும் மிளகாய் போடாமல் காய்ச்சட்டோ?"