திருமலை நாயக்கரின் மணியும் நம்ம லாக் ஃபைலும்

எங்கள் பழங்காநத்தத்திலிருந்து திருப்பரங்குன்றம், திருமங்கலம், டி.கல்லுப்பட்டி என்று தெற்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடும். மதுரையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். அந்தச் சாலையோரக் கல் மண்டபங்கள் சிலவற்றைக் காட்டி ஊர்க்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள்.

மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் (1623–1659), ஆண்டாள் கோயிலில் உச்சிகால பூசை முடிந்த பிறகுதான் சாப்பிடுவாராம். பூசை முடிந்ததும் கோயிலில் மணி அடிக்கும். அதைக் கேட்டு அடுத்த மண்டபத்து மணி, அதைக் கேட்டு அதற்கடுத்தது என்று அரண்மனை வரை செய்தி வந்துவிடுமாம். கட்டபொம்மனையும் திருச்செந்தூரையும் சேர்த்து இதே மாதிரி ஒரு கதை உண்டு. செவிவழிச் செய்திதான், கதையாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் ஏற்பாடு நடக்கக்கூடியதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். 75 கிலோமீட்டருக்கு 220 நொடி. ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒரு மண்டபம் என்றால் 50 மண்டபம். ஒவ்வொரு ஆளும் கேட்டு அடிக்க 5 நொடி என்றால் 250 நொடி. மொத்தம் எட்டு நிமிஷத்துக்குள் செய்தி மதுரையில். குதிரையில் ஆள் அனுப்பி "பூசை முடிஞ்சுதா?" என்று கேட்டு வரச்சொன்னால் சாயங்காலம்தான் சாப்பாடு!

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். போய்ப் போய்க் கேட்காமல், நடந்ததும் தானாகச் செய்தி வரவைப்பதற்கு மென்பொருளில் அப்சர்வர் பேட்டர்ன் என்று பெயர். 1970களின் கடைசியில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில், ஸ்மால்டாக் மொழியோடு வளர்ந்த யோசனை. 1994-ல் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடஸ் நால்வரும் எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' புத்தகத்தின் 23 பேட்டர்ன்களில் இதுவும் ஒன்று. கேட்க விரும்புகிறவர்கள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். சம்பவம் நடந்தால் பதிந்த எல்லோருக்கும் தகவல் போகும். தகவலை வைத்து அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது அனுப்புகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கோயில் மணியைக் கேட்டு ராஜாவும் சாப்பிடலாம், வயலில் இருப்பவரும் கஞ்சிக் கலயத்தைத் திறக்கலாம்.

லாக் கண்காணிப்பும் இப்படித்தான். நிரல் ஒரு வரி எழுதினால் ஒருவர் கோப்பில் சேர்ப்பார், ஒருவர் எண்ணிக்கை வைப்பார், இன்னொருவர் எர்ரர் என்றால் எஸ்.எம்.எஸ். அனுப்புவார். 1980களில் எரிக் ஆல்மன், சென்ட்மெயிலுக்காக எழுதிய சிஸ்லாக் இன்றும் ஓடுகிறது. யூ.டி.பி. வழியாக அனுப்பினால் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. மணி மாதிரியேதான்: அடிப்பதோடு சரி.

இங்கேதான் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். எர்ரர் வந்தால் எஸ்.எம்.எஸ். அனுப்பும் அப்சர்வர், நான் எழுதியது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி டிஸ்க் நிறைந்து அந்த அப்சர்வரே விழுந்துவிட்டது. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஒரு எஸ்.எம்.எஸ்.கூட வரவில்லை. "பரவாயில்லையே, ஒரு எர்ரர்கூட இல்லை" என்று நிம்மதியாகத் தூங்கினேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ரெண்டு நாள் ஆர்டர் எதுவுமே பதிவாகவில்லை.

தப்பு எங்கே என்று யோசித்தபோதுதான் நாயக்கர் கதை வேறு மாதிரி புரிந்தது. அவருடைய மணி ஆபத்துக்கு அடிக்கும் மணி இல்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தால் தினமும் அடிக்கும் மணி. ஒருநாள் அடிக்கவில்லை என்றால் அதுவே செய்தி. ஒன்று பூசை நடக்கவில்லை, அல்லது வழியில் யாரோ தூங்கிவிட்டான். எப்படியும் ராஜாவுக்குப் பசிக்கும், ஆள் கிளம்பும். என் மணியோ கெட்ட செய்திக்கு மட்டும் அடிப்பது. அதன் மௌனத்துக்கு ரெண்டு அர்த்தம் இருந்தது, நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

உடனே, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று சொல்லவைத்தேன். முதலில் அதிலும் ஒரு தப்பு: அந்தச் செய்தியைக் கடைசி சர்வரிலேயே உருவாக்கினேன். அரண்மனை வாசல் மண்டபத்துக்காரன் கடிகாரத்தைப் பார்த்து மணி அடிக்கிற கதைதான். வழியில் ஐம்பது பேரும் தூங்கினாலும் ராஜா சாப்பிட்டுவிடுவார்.

இப்போது அந்தச் செய்தி ஆர்டர் நிரலிலேயே பிறக்கிறது, எர்ரர் வருகிற அதே வழியாக வருகிறது. வராவிட்டால் வேறொரு மெஷின் என்னை எழுப்புகிறது. மணி கோயிலிலிருந்துதான் கிளம்ப வேண்டும்.