கடல்வரம்பும் குடிமாற்றமும்: சிலாங்கூர் ஆற்றுப் படுகையில் நீர், தோட்டம், நிலவுரிமை

மலேசியாவின் சிலாங்கூர் ஆறு உலு சிலாங்கூர் மலைகளில் தோன்றி, கோல குபு, ரவாங், செரண்டா, சுங்கை சோ வட்டாரங்களின் நீரைச் சேர்த்துக்கொண்டு, பெஸ்தாரி ஜெயா வழியாகக் கோல சிலாங்கூரில் மலாக்கா நீரிணையை அடைகிறது. இந்தப் படுகையின் தோட்டங்களில் நூறாண்டுகளுக்கும் மேலாகத் தமிழர் குடியிருந்து வருகின்றனர். துருவப் பனி உருகுவதாலும் கடல்நீர் வெப்பத்தால் விரிவதாலும் கடல்மட்டம் உயரும்போது, படுகையின் தாழ்ந்த கடலோரப் பகுதியைக் காப்பதா, அங்குள்ளோரை மேட்டுக்கு மாற்றுவதா என்ற கேள்வி எழுகிறது. கேள்வி புதிதாகத் தோன்றினாலும், இதே படுகையில் நீரின் பொருட்டும் பாதுகாப்பின் பொருட்டும் சந்தையின் பொருட்டும் மக்கள் முன்னரே இடம்மாற்றப்பட்டுள்ளனர். அந்த வரலாற்றை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, குடிமாற்றம் ஒரு வாழ்வைக் கட்டியெழுப்புமா, குலைக்குமா என்பதை நீரின் உயரத்தைவிட நிலவுரிமையே பெரிதும் தீர்மானித்திருக்கிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

1. கடல் விட்டுச்சென்ற நிலம்

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழி உச்சத்தில் இருந்தபோது, உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாய்த் தீபகற்பமும் சுமத்திராவும் போர்னியோவும் ஒரே நிலப்பரப்பாக இணைந்திருந்தன. பனி உருகியபின் உயர்ந்த கடல், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தையும் சில மீட்டர் விஞ்சி நின்று, பிறகு மெல்லப் பின்வாங்கியது. அந்தப் பின்வாங்கலின்போது படிந்த கடற்களிமண்ணே கோல சிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரை விரியும் சமவெளியாகும். இதனால்தான் ஆற்றுமுகத்தில் தனித்து நிற்கும் புக்கிட் மெலாவத்தி குன்று சிலாங்கூர் சுல்தான்களின் கோட்டைக்கு ஏற்ற இடமாயிற்று; 1784இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றியதும், மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டதும் அந்த மேட்டின் மதிப்பைக் காட்டுகின்றன. குன்றைச் சுற்றிய தாழ்நிலமோ அலையாத்திக் காடாகவும் அதற்கு உட்புறத்தில் பீட் சதுப்பாகவும் கிடந்தது. பீட் என்பது நீரில் அமிழ்ந்து முழுமையாக மக்காத தாவரப் பொருள் பல அடி கனத்துக்குப் படிந்து உண்டாகும் மண். மலாயில் அதைக் காம்புட் என்பர்.

2. பண்டும் மதகும் உருவாக்கிய தோட்டங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிலாங்கூர்க் கடலோரத்தில் காப்பியும் தென்னையும் பயிராயின. காப்பி விலை சரிந்தபின், இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எழுந்த ரப்பர் ஏற்றம் கடலோரக் களிமண் நிலங்களையும் தன்வயப்படுத்தியது. இந்தியத் தொழிலாளருக்கான ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டபின், கங்காணிகள் தம் ஊராரைத் திரட்டி அழைத்துவரும் முறையே மேலோங்கியது. 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும் வரை அது தொடர்ந்தது. பிரெஞ்சுத் தோட்ட அதிபரும் எழுத்தாளருமான ஆன்ரி ஃபோக்கோனியே கோல சிலாங்கூர் வட்டாரத்தின் ரந்தாவ் பாஞ்சாங்கில் தொழில் தொடங்கி, 1917இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் என்று அது குறிப்பிடப்படுகிறது.

கடலோரத்தில் பயிர்செய்வதற்கு முதலில் கடலைத் தடுக்க வேண்டியிருந்தது. கரையை ஒட்டி எழுப்பும் மண் அணையைத் தோட்டமக்கள் பண்ட் என்பர். பண்டுக்கு உட்புறம் வெட்டப்படும் வடிகால்கள் மதகில் சென்று முடியும். கடல் வற்றும்போது உள்நீரின் அழுத்தத்தால் மதகுக்கதவு திறந்து நீர் வெளியேறும், கடல் ஏறும்போது வெளிநீரின் அழுத்தத்தால் கதவு மூடிக்கொள்ளும். கிள்ளான் துறைமுகப் பகுதியில் பெருவேற்ற நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 4 மீட்டர் வேறுபாடு உண்டு. நாளுக்கு இருமுறை கடல் ஏறி இருமுறை வற்றுகிறது. எந்திரமின்றி, எரிபொருளின்றி இந்த நிலம் வறண்டு நிற்பதற்கு அந்த வேறுபாடே காரணம். 1932இல் நிறுவப்பட்ட வடிகால் நீர்ப்பாசன இலாகா இதே உத்தியைப் பெரிதாக்கி, 1930களில் தொடங்கிய தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டத்தின்வழி, இன்று செகிஞ்சான் வரை பரந்துள்ள நெல்வயல்களுக்கு அடித்தளமிட்டது.

ஆனால் வடித்த நிலம் இருந்த உயரத்தில் நிற்பதில்லை. நீர் வெளியேறியதும் களிமண் சுருங்குகிறது; பீட் மண்ணோ சுருங்குவதோடு காற்றுப்பட்டுச் சிதைந்து கரியமில வாயுவாக மாறி, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவுக்குத் தாழக்கூடும். கடல் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே உயர்கிறது என்று ஆறுதல் கொள்வோர், பண்டுக்கு உட்புற நிலம் அதைவிட வேகமாகத் தாழ்வதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

3. துருவத்திலிருந்து நீரிணை வரை

கடலில் மிதக்கும் பனி உருகுவதால் கடல்மட்டம் குறிப்பிடத்தக்க அளவில் உயர்வதில்லை, ஏனெனில் அது தன் எடைக்கு ஈடான நீரை ஏற்கெனவே விலக்கியிருக்கிறது. நிலத்தின்மீது தங்கியுள்ள பனி உருகிக் கடலில் சேரும்போதுதான் மட்டம் உயர்கிறது. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு 2021இல் வெளியிட்ட ஆறாம் மதிப்பீட்டு அறிக்கையின்படி, 1992 முதல் 2020 வரை கிரீன்லாந்து சுமார் 4,890 கிகாடன் பனியையும் அண்டார்டிகா சுமார் 2,670 கிகாடன் பனியையும் இழந்தன. ஒரு கிகாடன் என்பது நூறு கோடி டன். ஏறத்தாழ 360 கிகாடன் நிலப்பனி உருகினால் உலகக் கடல்மட்டம் ஒரு மில்லிமீட்டர் உயரும். 1901 முதல் 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த உயர்வு, 2006 முதல் 2018 வரையிலான காலத்தில் 3.7 மில்லிமீட்டராகக் கூடியது என்றும் அவ்வறிக்கை கூறுகிறது.

இந்த உயர்வு எல்லாக் கடல்களிலும் ஒரே அளவில் அமைவதில்லை. பெரும் பனிப்பாளம் தன் ஈர்ப்பாற்றலால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன்பால் இழுத்து வைத்திருக்கிறது; பாளம் சிறுக்கும்போது அந்த ஈர்ப்பு தளர்ந்து, அருகில் நீர்மட்டம் தாழ, தொலைவில் உயர்கிறது. ஆகவே துருவப் பனி கரைவதன் விளைவு நிலநடுக்கோட்டை அடுத்த கடல்களில் உலகச் சராசரியைவிடக் கூடுதலாக வெளிப்படுகிறது. மலேசியத் தேசிய நீர்வள ஆய்வு நிறுவனமான நஹ்ரிம் 2010இல் வெளியிட்ட ஆய்வு, 2100ஆம் ஆண்டளவில் தீபகற்ப மலேசியக் கரையோரம் 0.25 முதல் 0.5 மீட்டர் வரை உயர்வைக் காணலாம் என மதிப்பிட்டது.

அரை மீட்டர் என்பது பண்டின் தலையைத் தாண்டும் அளவன்று. ஆனால் பண்ட் உடைவதற்கு முன்னரே மதகு பயனிழக்கத் தொடங்கும். கடலின் வற்றமட்டமும் உயர்வதால் மதகுக்கதவு திறந்திருக்கும் நேரம் நாள்தோறும் குறுகும். மழைநீர் வெளியேற வழியின்றி வயலிலும் செம்பனை வரிசைகளிலும் தேங்கும். இறுதியில் எந்திரங்களைக் கொண்டே நீரை இறைக்க வேண்டிவரும். மறுபுறம், வறட்சிக்காலத்தில் உவர்நீர் ஆற்றினுள் மேலேறும். கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் கூடி ஒளிரும் மின்மினிகளின் வாழ்வு ஆற்றுநீரின் உவர்ப்பு குறிப்பிட்ட அளவில் நிற்பதைப் பொறுத்தது. உலு சிலாங்கூரில் அணை கட்டி நன்னீரைத் தடுப்பதும், கீழே கடல் உயர்வதும் ஒரே ஆற்றின் இரு முனைகளிலிருந்தும் அந்தச் சமநிலையை நெருக்குகின்றன.

கரையரிப்பும் இதனுடன் சேர்கிறது. 1980களின் நடுவில் நடத்தப்பட்ட தேசியக் கரையரிப்பு ஆய்வு, நாட்டின் கடற்கரையில் ஏறத்தாழ 29 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருந்ததைக் கண்டறிந்தது. அலையாத்திக் காடு அலையின் ஆற்றலைத் தணித்து வண்டலைப் பிடித்து வைக்கும் இயற்கை அரண். கடல் உயரும்போது அது இயல்பாக நிலப்புறம் நகர்ந்துகொள்ளும், ஆனால் பின்னால் பண்ட் நின்றால் நகர இடமின்றி மெலிந்து அழியும். காடு அழிந்தபின் பண்டே அலையை நேரே எதிர்கொள்கிறது.

4. படுகையின் முதல் திட்டமிட்ட குடிமாற்றம்

நீருக்கு விலகி ஓர் ஊரையே மாற்றிய அனுபவம் இந்தப் படுகைக்கு உண்டு. உலு சிலாங்கூரின் தலைமையிடமாக இருந்த பழைய கோல குபுவில் 1883இல் அணை உடைந்தபோது, மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங் உட்படப் பலர் உயிரிழந்தனர். அதன்பின் வெள்ளீயச் சுரங்கக் கழிவுமணல் ஆற்றுப்படுகையை உயர்த்த உயர்த்த வெள்ளம் மீண்டும் மீண்டும் ஊருக்குள் புகுந்தது; 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளம் இனித் தடுப்பதில் பயனில்லை என்பதைத் தெளிவாக்கியது. கூட்டு மலாய் மாநிலங்களின் நகரத் திட்டமிடல் அதிகாரி சார்ல்ஸ் ரீட், தோட்ட நகரக் கொள்கைப்படி, கடைவீதியையும் அலுவலகங்களையும் குடியிருப்பையும் பசுமைவெளியால் பிரித்து, மேட்டில் ஒரு புதிய ஊரை வரைந்தார். 1930களின் தொடக்கத்தில் கோல குபு பாரு என்னும் அவ்வூருக்கு மாற்றம் நிறைவேறியது.

இந்நிகழ்விலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. ஆற்றின் மட்டத்தை உயர்த்தியது மனிதச் செயல். அதன் விளைவைச் சுமந்தவர்கள் அந்தச் செயலைச் செய்தவர்கள் மட்டுமல்லர். இன்று துருவப் பனியை உருக்கும் புகைக்கும் கோல சிலாங்கூர்க் கரையோரத்தாருக்கும் உள்ள தொடர்பும் அத்தகையதே. அடுத்து, அங்கே இருந்த இடத்தை இழந்தோருக்கு எதிரே மனை பிரித்த ஓர் ஊர் காத்திருந்தது. பின்னர் நிகழ்ந்த குடிமாற்றங்களில் இது பலருக்கு வாய்க்கவில்லை.

5. லயத்திலிருந்து வெளியேற்றம்

கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை எதிர்கொள்ள 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரங்களில் வாழ்ந்தோர் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். சுங்கை சோவிலும் அத்தகைய கிராமம் உருவானது. அதே காலத்தில் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் சிதறியிருந்த, லயங்கள் எனப்படும் தொழிலாளர் குடியிருப்புகள் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. பெரும்பாலும் சீனர் வாழ்ந்த புதுக்கிராமங்கள் நாளடைவில் நிலக்குத்தகை பெற்ற ஊர்களாக நிலைபெற, ஒன்றுசேர்க்கப்பட்ட தோட்ட லயங்களோ தோட்ட உரிமையாளரின் நிலத்திலேயே தொடர்ந்தன. ஒரே கொள்கை இரு சமூகங்களுக்கு இருவேறு உரிமைநிலையை விட்டுச்சென்றது.

அந்த வேறுபாட்டின் விலை தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட 1950களின் இறுதியிலேயே தெரிந்தது. தொழிலாளர் தாமே பங்கு சேர்த்துத் தோட்டத்தை வாங்கும் நோக்குடன் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்குக் காரணமும் அதுவே. 1980களுக்குப்பின் ரப்பர் செம்பனைக்கும், செம்பனை வீடமைப்புக்கும் வழிவிட்டபோது, பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கிய பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தின் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள் தமக்குரிய வீட்டுக்காகப் பல்லாண்டுகள் போராட நேர்ந்தது. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இடுகாடும் மூன்று தலைமுறை நட்ட மரங்களும் இருந்தும், பட்டா இல்லாத காரணத்தால் அவர்கள் இடம்பெயர்ந்தோராக அன்றி, வேலை முடிந்து வெளியேறியோராகவே ஏட்டில் பதிவாயினர்.

6. சட்டமும் பிறநாட்டு அனுபவமும்

மலேசியாவின் 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் இழப்பீடு கோரத் தக்கவரை வரையறுக்கும்போது, உரிமையாளரின் விருப்பம் உள்ளவரை மட்டும் குடியிருப்போரை விலக்குகிறது. தோட்டத் தொழிலாளரின் குடியிருப்புத் தரத்தை முறைப்படுத்தும் 1990ஆம் ஆண்டுச் சட்டமோ வீட்டின் தரத்தைப் பற்றியதே அன்றி, அதன்மீதான உரிமையைப் பற்றியதன்று. ஆகவே நாளை ஒரு கடலோரத் தோட்டத்தைக் கடலுக்கு விட்டுக்கொடுக்க முடிவுசெய்தால், நிலத்துக்குரியவர் இழப்பீடு பெறுவார். லயத்தில் வாழ்வோர் வேலையையும் கூரையையும் ஒரே நாளில் இழப்பர். இன்று அந்த லயங்களில் தமிழருடன் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளரும் வாழ்கின்றனர். அவர்களது நிலை இன்னும் நொய்யது.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் தமிழ்நாட்டு அரசு உயர்நீர்க்கோட்டிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் புதிய வீடுகளைக் கட்டித்தரும் கொள்கையைக் கைக்கொண்டது. இலங்கை அரசு தென்புறத்தில் 100, வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என இடைவெளி வகுத்துப் பின்னர் தளர்த்தியது. இரு நாடுகளிலும், படகும் வலையும் கரையிலிருக்க வீடு மட்டும் தொலைவில் அமைந்ததை மீனவர்கள் எதிர்த்தனர். மாறாக, கடலரிப்பால் ஃபிஜியின் வுனிதொகொலோவா கிராமம் 2014இல் உட்புறம் நகர்ந்தபோது, நகர்ந்த இடமும் அக்குழுவின் பொதுநிலமாகவே இருந்ததால் சமூகம் சிதறாமல் நின்றது.

முடிவுரை

சிலாங்கூர் ஆற்றுப் படுகையின் வரலாறு, பண்டை உயர்த்துவதா, விலகுவதா என்பதைப் பொறியியல் வினாவாக மட்டும் கருதுவது போதாது என்பதைக் காட்டுகிறது. எந்தக் கரையைக் காப்பது, எந்தக் கரையில் அலையாத்திக் காடு நிலப்புறம் நகர இடம்விடுவது என்பதை வடிகால் இலாகா முன்கூட்டியே வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். கோல குபு பாருவுக்குச் செய்ததுபோல் மேட்டுநிலத்தில் மனைகள் ஒதுக்கப்பட வேண்டும்; ஆனால் இம்முறை அது வெள்ளம் வருமுன்னரே நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டா இல்லாத குடியிருப்போரும் இழப்பீட்டுக்கும் மறுகுடியேற்றத்துக்கும் உரியவர் என்று நில எடுப்புச் சட்டம் திருத்தப்பட வேண்டும். அத்திருத்தமின்றி நடைபெறும் எந்தக் கடலோர விலகலும் தோட்டமக்களுக்கு இன்னுமொரு வெளியேற்றமாகவே முடியும்.