பழைய ரிவோல்வரும் மெல்லிய தோட்டாவும்

ஒரு துப்பாக்கி எப்போது பழம்பொருளாகின்றது? நூறாண்டு கடந்தால் என்று சொல்லத் தோன்றும். சட்டங்கள் தரும் விடையோ நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம், 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டவற்றைப் பழம்பொருள் என்கின்றது. பிரித்தானியா ஆண்டை மட்டும் பார்ப்பதில்லை. அந்தத் துப்பாக்கிக்குரிய தோட்டா வழக்கொழிந்துவிட்டதா என்றும் கேட்கின்றது. இந்தக் கேள்வியின் பொருள் விளங்க வேண்டுமாயின் சிறிய ரிவோல்வர்களின் வரலாற்றை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரும்பாலான ரிவோல்வர்களின் உருளையில் ஒவ்வோர் அறையையும் முன்புறமிருந்து நிரப்ப வேண்டியிருந்தது. வெடிமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை அழுத்தி, பின்புறத்தில் தீப்பொறி தரும் சிறு தொப்பியைப் பொருத்த வேண்டும். உருளையை முழுவதும் துளைத்து, பின்புறமாகவே தோட்டாவைச் செருகும் முறைக்கு ரொலின் வைட் என்பவர் 1855இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதை ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் தனக்கெனப் பெற்றுக்கொண்டது. துப்பாக்கி ஒன்றுக்கு 25 சதம் வைட்டுக்குக் கிடைக்கும். ஆனால் காப்புரிமையை மீறுவோர் மீது வழக்காடும் செலவும் அவருடையதே. 1869இல் காப்புரிமை முடிந்தது. அதை நீடிக்க வழிசெய்யும் சட்டமூலத்தை ஜனாதிபதி கிராண்ட் 1870இல் நிராகரித்துவிட்டார்.

அந்த நிறுவனம் 1857இல் வெளியிட்ட முதல் ரிவோல்வர் உள்ளங்கைக்குள் அடங்கக்கூடியது. .22 கலிபர், ஏழு தோட்டாக்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய கால் கிராம் கருமருந்து மட்டுமே இருந்தது. வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த பழைய மருந்து அது. போர்க்களத்துக்குப் போதாத வலு எனினும், உள்நாட்டுப் போர்க்காலத்தில் படைவீரர்கள் பலர் தம் சொந்தப் பணத்தில் இதை வாங்கி வைத்துக்கொண்டனர். 1878இல் அதே நிறுவனத்தின் .32 தோட்டா வந்தது. பின்னர் வேறு பல நிறுவனங்களும் அதற்கேற்ற மலிவான ரிவோல்வர்களைச் செய்து குவித்தன.

இதற்கிடையில் 1884இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் போல் வியேல் புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்தார். 1889இல் பிரித்தானியாவில் கோர்டைட் வந்தது. சம எடையில் இவை கருமருந்தைவிடப் பன்மடங்கு ஆற்றல் தருபவை. பழைய கோது கருமருந்தால் நிறைந்திருக்கும். அதே கோதில் புதிய மருந்து சிறிதளவே போதும். மீதி இடம் வெறுமையாகவே இருக்கும். அந்த வெறுமையில்தான் ஆபத்து. கைதவறி இரு தடவை மருந்திட்டாலும் வெளியே தெரியாது. கருமருந்துக் காலத்தின் மெல்லிய உருளை அந்த அழுத்தத்தைத் தாங்காமல் வெடித்து, சுட்டவரின் கையையே சிதைத்துவிடும். ஐவர் ஜோன்சன் நிறுவனம் தன் ரிவோல்வர்களைப் புகையற்ற மருந்துக்கேற்ப வலுவாக்கியது 1909 அளவிலேதான்.

ஆகவே பழைய ரிவோல்வரைச் சுட்டுப் பார்க்க விரும்பும் சேகரிப்பாளர்கள், அதன் முதுமைக்கேற்ற மெல்லிய தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ளத் தலைப்பட்டனர். கையால் நிரப்புவது புதிய பழக்கமன்று. 1880களிலேயே இடுக்கி போன்ற கருவிகள் அமெரிக்கக் கடைகளில் விற்கப்பட்டன. சிலவற்றின் முனையிலேயே ஈயக்குண்டு வார்க்கும் அச்சும் இருந்தது. ஆனால் எல்லாத் தோட்டாவும் இதற்கு இணங்குவதில்லை. .22 தோட்டாவின் தீப்பற்றும் இரசாயனம் அதன் விளிம்புக்குள் இருக்கின்றது. ஒருமுறை சுட்டால் விளிம்பு நசுங்கிவிடும், மீண்டும் பயன்படாது. .32 தோட்டாவில் அது நடுவில் தனியாகப் பொருத்தப்பட்டிருப்பதால் கோதை மீண்டும் நிரப்பலாம்.

‘மெல்லிய’ என்ற சொல் துப்பாக்கியின் பக்கமிருந்து சொல்லப்படுவது. எதிரே நிற்கும் மனிதருக்கு அது பொருந்துமா?

1873 ஜூலை 10ஆம் திகதி பிரஸ்ஸல்ஸ் நகரில் பிரெஞ்சுக் கவிஞர் போல் வெர்லேன், அன்று காலை வாங்கிய 7 மில்லிமீற்றர் லெஃபோஷே ரிவோல்வரால் தன் நண்பரும் கவிஞருமான ஆர்தர் ரெம்போவை இருமுறை சுட்டார். ஒரு சன்னம் மணிக்கட்டில் பாய்ந்தது; மற்றையது தவறியது. ரெம்போ பிழைத்தார். வெர்லேனுக்கு இரண்டாண்டுச் சிறை. அந்த ரிவோல்வர் 2016இல் பாரிஸ் ஏலத்தில் 434,500 யூரோவுக்கு விலைபோனது.

1901 செப்டெம்பர் 6ஆம் திகதி அமெரிக்காவின் பஃபலோ நகரக் கண்காட்சியில் ஜனாதிபதி மக்கின்லி மக்களுடன் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். லியோன் சொல்கோஷ் என்பவன் கைக்குட்டைக்குள் மறைத்திருந்த .32 ஐவர் ஜோன்சன் ரிவோல்வரால் இருமுறை சுட்டான். நான்கரை டொலருக்கு வாங்கிய துப்பாக்கி அது. ஒரு சன்னம் ஆழமாகப் பாயவில்லை. மற்றையது வயிற்றைத் துளைத்தது. மருத்துவர்களால் அதைக் கண்டெடுக்க முடியவில்லை. எட்டாம் நாள் ஜனாதிபதி இறந்தார். தியோடர் ரூஸ்வெல்ட் பதவியேற்றார். வல்லுநர்கள் வலுக்குறைந்தது என்று ஒதுக்கும் தோட்டா ஒரு நாட்டின் தலைமையையே மாற்றிவிட்டது.

இனிப் பிரித்தானியாவின் கேள்விக்கு வருவோம். தோட்டா கிடைக்காத துப்பாக்கி வெறும் இரும்பு என்பதே அந்நாட்டின் நெடுங்கால எண்ணம். வழக்கொழிந்த கலிபர்களின் பட்டியலொன்றை அரசு வைத்திருந்தது. அவற்றை அலங்காரப் பொருளாக வைத்திருக்க அனுமதிப்பத்திரம் தேவையில்லை. குற்றக்கும்பல்கள் இந்த வாசலைக் கண்டுகொண்டன. 2017இல் பேர்மிங்ஹாம் நீதிமன்றம் துப்பாக்கி வணிகர் ஒருவருக்கு 30 ஆண்டுச் சிறை விதித்தது. பழைய கைத்துப்பாக்கிகளை இறக்குமதி செய்து, அவற்றுக்குரிய தோட்டாக்களைத் தன் வீட்டிலேயே செய்து விற்றவர் அவர். அவருடைய சரக்கு நூற்றுக்கு மேற்பட்ட குற்ற இடங்களுடன் தொடர்புபட்டிருந்தது. 2021இல் அரசு புதிய விதிகளைக் கொண்டுவந்து, .320 சிறு ரிவோல்வர் தோட்டா உட்பட ஏழு கலிபர்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

சேகரிப்பாளரின் மேசையிலும் அந்த வணிகரின் வீட்டிலும் நடந்த வேலை ஏறக்குறைய ஒன்றுதான். கோது, மருந்து, ஈயம், பொறுமையான கை. முன்னவர் பழைய இரும்பைக் காக்க முயல்கின்றார். பின்னவர் அதே இரும்பை மீண்டும் கொலைக்கருவியாக்கினார். துப்பாக்கிக்கு வயதாகலாம். ஆனால் புதிதாக நிரப்பிய தோட்டாவுக்கு வயது கிடையாது. அதனால்தான் ஆயுதக் கட்டுப்பாடு பற்றிப் பேசுவோர் துப்பாக்கிகளை எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. தோட்டாவையும் எண்ண வேண்டும்.