சிட்டகாங்கில் ஓர் இரவு

பெங்களூர்த் தண்டின் வடபுறத்தே, ரிச்சர்ட்ஸ் டவுனில் குடியிருக்கும் நாம், அங்குள்ள பழைய பங்களாக்களைக் கடக்கும்போதெல்லாம் ஆங்கிலேயர் ஊர் அமைத்த முறையை எண்ணுவதுண்டு. தமக்கெனத் தனிக் குடியிருப்பு, ஒரு கிளப், ஓர் ஆயுதசாலை, ஒரு தந்தி நிலையம். இவை இருந்தால் ஊர் தம் கைக்குள் என்று அவர்கள் நம்பினர். அந்த நம்பிக்கையை ஓர் இரவில் குலைத்தது, இன்று வங்கதேசத்தைச் சேர்ந்த துறைமுக நகரான சிட்டகாங்.

1930 ஏப்ரல் 18, புனித வெள்ளி. பள்ளி ஆசிரியராயிருந்த சூரிய சென்னின் தலைமையில் அறுபதுக்கு மேற்பட்ட இளைஞர் குழுக்களாகப் பிரிந்து புறப்பட்டனர். இரவு பத்து மணியளவில், கணேஷ் கோஷின் குழு போலீஸ் ஆயுதசாலையையும், லோகநாத் பாலின் குழு துணைப்படை ஆயுதசாலையையும் கைப்பற்றின. அம்பிகா சக்கரவர்த்தியின் குழு தொலைபேசி, தந்தி நிலையத்தை அழித்தது. ரயில் பாதையும் பெயர்க்கப்பட்டது.

போலீசார் இவர்களை அறியாதவரல்லர். தலைவர்கள் 1928இல் சிறை மீண்டவர்கள். உளவாளிகள் அவர்களைத் தொடர்ந்தே வந்தனர். ஆனால் உடற்பயிற்சிக் கழகங்களில் இளைஞர் சிலம்பம் சுழற்றுவதைக் கண்டவர், அங்கே ஒரு படை உருவாவதைக் காணவில்லை. தந்திக் கம்பி அறுந்தபின், துறைமுகத்திலிருந்த கப்பலின் கம்பியில்லாத் தந்தி வாயிலாகவே கல்கத்தாவுக்குச் செய்தி எட்டியது.

எனினும் புரட்சியாளரின் திட்டமும் முழுமை பெறவில்லை. துணைப்படை ஆயுதசாலையில் துப்பாக்கிகள் கிடைத்தன. அவற்றுக்குரிய தோட்டாக்கள் கிடைக்கவில்லை. புனித வெள்ளியாதலால் ஐரோப்பியர் கிளப்பும் வெறிச்சோடிக் கிடந்தது. கொடியேற்றிப் புரட்சி அரசை அறிவித்துவிட்டு, அவர்கள் மலைகளை நோக்கிச் சென்றனர். ஏப்ரல் 22இல் ஜலாலாபாத் குன்றில் இராணுவத்தோடு நிகழ்ந்த போரில் இளைஞர் பன்னிருவர் மாண்டனர். சூரிய சென் 1933இல் பிடிபட்டு, 1934 ஜனவரி 12இல் தூக்கிலிடப்பட்டார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் ஒரு சொல் உறுத்துகிறது. அரசு இதனை 'ஆயுதசாலைக் கொள்ளை' என்றே அழைத்தது. வழக்கு மன்றத்திலோ, அரசருக்கெதிராகப் போர் தொடுத்ததாகக் குற்றஞ்சாட்டியது. கொள்ளை என்றால் காவலின் தவறு சிறிதாகும். போர் என்றால் தண்டனை பெரிதாகும். இரண்டும் அரசுக்கு வேண்டியிருந்தன.

கொள்ளையா, போரா, எழுச்சியா? அயல் மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லும்போது, எச்சொல்லை வழங்கப் போகிறோம் என்று ஒருகணம் நின்று தெரிந்துகொள்வோமாக.