உடைப்பதற்கு எதற்குச் சக்தி?

கட்டுவதற்குத்தான் செலவு, இடிப்பதற்கு என்ன செலவு என்று நினைப்போம். நாம் சாப்பிட்ட பருப்பின் புரதத்தைக் குடலில் என்சைம்கள் வெட்டும்போது, அந்த வெட்டுக்கு ஏடிபி என்ற செல்லின் எரிபொருள் தேவையில்லை. ஆனால் செல் தன் சொந்தப் புரதத்தை உடைக்கச் சக்தி வேண்டியிருக்கிறது என்று 1953-ல் மெல்வின் சிம்ப்சன் எலியின் கல்லீரல் துண்டுகளில் கண்டார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

1955-ல் டி துவே லைசோசோமை அறிவித்ததும் செல்லின் குப்பைத்தொட்டி அதுதான் என்று பலரும் இருந்துவிட்டார்கள். 1970-களில் நான் கல்லூரியில் படித்ததும் அதையே. 1977-ல் கோல்ட்பர்க்கும் எட்லிங்கரும், லைசோசோம் இல்லாத முதிராத சிவப்பணுக்களிலும் ஏடிபி செலவில் புரதம் உடைவதைக் காட்டினார்கள்.

விடையின் முதல் பாதி இஸ்ரேலின் ஹைஃபாவில் கிடைத்தது. கழிக்கவேண்டிய புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்ற 76 அமினோ அமிலப் புரதம் சீட்டுப்போல ஒட்டப்படுகிறது. ஒட்டுவதற்கு ஏடிபி செலவாகும். ஹெர்ஷ்கோ, சீஷனோவர், அமெரிக்கரான இர்வின் ரோஸ் மூவருக்கும் இதற்காக 2004-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

மறுபாதி, புரோட்டியசோம் என்ற இயந்திரத்தில் இருக்கிறது. அதன் நடுப்பகுதி நான்கு வளையங்களை அடுக்கிய பீப்பாய்; கத்திகள் உள்ளே. வெளியே இருந்தால் கண்டதையும் வெட்டிவிடும். வாய் குறுகல் என்பதால் சுருண்டு மடிந்த புரதம் அப்படியே நுழைய முடியாது. வாசலில் ஆறு புரதங்களாலான மோட்டார் வளையம் ஒன்று உண்டு. அதன் துவாரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கொக்கிகள், புரதத்தின் தொங்கும் நுனியைப் பற்றுகின்றன. கிணற்றுக் கயிற்றைக் கை மாற்றி இழுப்போமே, அதுபோல ஒன்று விடும்போது மற்றவை பிடித்திருக்கும். ஏடிபி எரிய எரிய மடிப்பு பிரிந்து இழை உள்ளே போகிறது. இந்தக் கொக்கிகள் சுழல் படிக்கட்டுபோல நிற்பதை 2018-ல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் காட்டின. பற்றிக்கொள்ளத் தளர்ந்த நுனி இல்லாவிட்டால், சீட்டு ஒட்டியிருந்தும் வேலை தொடங்குவது கடினம்.

ஆக, செலவு வெட்டுவதற்கு அல்ல. சரியானதைப் பொறுக்கி, பிடித்து, பிரித்து இழுப்பதற்கு.

இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். எலும்பு மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மைலோமா புற்றுநோய் பெரும்பாலும் நம் வயதுக்காரர்களைத்தான் பிடிக்கிறது. அந்தச் செல்கள் புரதத்தை ஓயாமல் தயாரிப்பவை. கழிவு போகாவிட்டால் திணறும். புரோட்டியசோமின் கத்தியை முடக்கும் போர்டெசோமிப் மருந்துக்கு 2003-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. என் நண்பர் ஒருவர் அந்த ஊசியோடு நான்கு ஆண்டுகள் நடமாடினார்; பேத்தியின் கல்யாணத்தையும் இருந்து பார்த்தார். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "எலியின் கல்லீரலுக்கு ஒரு நன்றி சொல்லுங்க" என்று சிரித்தார்.