சொல்லை வெட்டும் இடம்

நாகர்கோவில் என்ற பெயரை அசை பிரித்துப் பாருங்கள்: நா-கர்-கோ-வில். நாலும் நேரசை. ஆங்கிலேயர் எழுதிவைத்த எழுத்துக்களை மட்டும் நம்பி வாசிக்கும் அயலூரார் அதை 'நா-ஜர்-காயில்' என்று மூன்றே துண்டாக்கிவிடுவார். ஆங்கிலச் சொல்லை எங்கே வெட்டுவது என்பது அத்தனை தொல்லை பிடித்த காரியம்.

அந்த மொழிக்காரர்களுக்கே அதில் சண்டை இருந்தது. 1740-இல் வந்த தாமஸ் தில்வர்த்தின் பாடப்புத்தகம், வழக்கம் என்று பொருள்படும் 'ஹாபிட்'டை முதல் உயிரெழுத்தோடு வெட்டியது. 1783-இல் நோவா வெப்ஸ்டர் என்ற அமெரிக்க ஆசிரியர் அதை மறுத்தார். அப்படி வெட்டினால் பிள்ளை 'ஹே' என்று நீட்டிவிடும். அடுத்து வரும் 'பி'யையும் சேர்த்து, 'ஹாப்-இட்' என்று வெட்டுங்கள் என்றார். பார்வைக்கு அல்ல, காதுக்குப் பிரிக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

நமக்கு ஏன் இந்த வம்பில்லை? குறிலுக்கு ஓரெழுத்து, நெடிலுக்கு ஓரெழுத்து என்று நம் முன்னோர் வகுத்துவிட்டார்கள். நேரும் நிரையும் தொல்காப்பியத்திலேயே இருக்கின்றன. அந்நூலைக் கேட்டவர் அதங்கோட்டாசான் என்கிறது பாயிரம். அந்த அதங்கோடு எங்கள் விளவங்கோட்டுப் பக்கத்து ஊர்தான் என்று இங்கே பெருமையாகச் சொல்வதுண்டு. ஆங்கிலத்திலோ ஒரே எழுத்து குறிலாகவும் நெடிலாகவும் வேஷம் கட்டுகிறது. நம் எழுத்து செய்யும் வேலையை அங்கே வெட்டு செய்ய வேண்டியிருக்கிறது.

1818-இல் மயிலாடிக்கு வந்த பாதிரியார் சார்லஸ் மீட் நாகர்கோவிலில் வளர்த்த செமினாரியில் ஆங்கிலம் கற்பித்தார்கள். 1893-இல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அந்த விதைதான். மிஷன் பள்ளிகளுக்கு வந்த பிள்ளைகளில் பலர், தலைமுறை தலைமுறையாகப் படிப்பு மறுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள். ஆங்கிலம் பேசும் வாயை அவர்கள் வீட்டில் கேட்டதில்லை. காதுக்குப் பழகாத சொல்லைக் கண்ணால் மட்டும் பிடிப்பது எப்படி?

நான் படித்த பள்ளிக்கூடத்திலும் 'ஸ்பெல்லிங்' என்றால் எழுத்துக்களின் பெயரை வரிசையாகக் கத்துவதுதான்; தப்பினால் பிரம்பு. என் பெஞ்சுக்காரன் ஒருவன் குறளை மளமளவென்று சீர் பிரிப்பான். ஆங்கில வகுப்புக்குப் பயந்தே எட்டாவதோடு நின்றுவிட்டான். அசை அறிந்த அந்தக் காதுக்கு, 'இதையும் அப்படிப் பிரித்துச் சொல்லிப் பார், எங்கே மாறுகிறது என்று நான் காட்டுகிறேன்' என்று ஒருவர் சொல்லியிருக்கலாம்.

இன்றும் பிள்ளைகள் எழுத்துக்களைக் கத்துகிறார்கள். வீட்டில் சொல்லிக் கொடுப்பவர்கள் முதலில் சொல்லை வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள்; துண்டு துண்டாகக் கை தட்டட்டும். எழுத்து பிறகு வரட்டும்.