ஸ்கேட்டிங் திடல்களும் பனித்தடங்களும்

ஸ்கேட்டிங் திடல் என்பது சக்கரக் காலணி, சறுக்குப் பலகை, பனிச்சறுக்குக் காலணி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைக் கொண்டு பொதுமக்கள் சறுக்கி விளையாட ஒதுக்கப்பட்ட இடம். சக்கரக் காலணிக்கு வழவழப்பான சமதளம் வேண்டும். சறுக்குப் பலகைக்கு மேடும் சரிவும் குழியும் கொண்ட பூங்கா வேண்டும். மூன்றாவதற்கு உறைந்த நீர். குளிர்நாட்டு நகரங்களில் இம்மூன்றையும் மாநகராட்சியே கட்டி, கட்டணமின்றித் திறந்துவிடுவது வழக்கம். தமிழ்நாட்டில் முதல் வகை மட்டுமே ஊர்தோறும் பரவியது. அதுவும் பெரும்பாலும் வேறு எதற்காகவோ போட்ட தரையில்தான் நடக்கிறது.

லால்குடி வட்டாரம்

திருச்சிராப்பள்ளிக்கு வடகிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில், கொள்ளிடத்துக்கு வடகரையில் உள்ள லால்குடி 2021இல் நகராட்சியானது. நெல்லும் வாழையும் விளையும் வாய்க்கால் பாசன ஊர். நீருக்குப் பஞ்சமில்லை, உறைவதற்குத்தான் வழியே இல்லை. மார்கழி விடியற்காலையிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். அக்கினி நட்சத்திரத்தில் 40ஐத் தொடும். ஆகவே இங்கு ஸ்கேட்டிங் என்றால் சக்கரம்தான்.

இந்த அளவுள்ள ஊர்களில் ‘ஸ்கேட்டிங் கிளாஸ்’ நடக்கும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்: பள்ளியின் கூடைப்பந்துத் தளம், கல்யாண மண்டபத்தின் முன்வெளி, அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடம். வெயில் தாழ்ந்ததும் பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாக வைத்துப் பயிற்சி தொடங்கும். கோடை விடுமுறையில் கூட்டம் பெருகி, பள்ளி திறந்த பிறகு பாதியாகும். ஆர்வம் தொடரும் பிள்ளைகளைப் பெற்றோர் இருசக்கர வண்டியில் திருச்சிக்கு அழைத்துப்போவார்கள். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் சென்னைதான்.

திருவரங்கத்திலும் நிலை இதுவே. கோயிலைச் சுற்றிய வீதிகள் நேராகவும் அகலமாகவும் இருந்தாலும் தேரும் யாத்திரிகர்களும் வண்டிகளும் நிறைந்தவை. அங்கே சறுக்க இடம் தேடுவது வீண். அந்த ஊர்ப் பிள்ளைகள் திடலில் முதலில் மறக்க வேண்டிய பழக்கம் ஒன்றும் உண்டு. கோயிலில் வலம் வருவார்கள். ஸ்கேட்டிங்கில் எல்லோரும் இடமாகச் சுற்றுவார்கள். வேகப் போட்டிகளில் இது விதி, பொதுத் திடல்களில் வழக்கம். எதிர்த்திசையில் ஒருவர் வந்தாலே போதும், மோதல் நிச்சயம்.

தரையும் சக்கரமும்

இந்த விளையாட்டில் காலணியை விடத் தரையே முக்கியம் என்பதைக் காலணிக்குப் பணம் செலவழித்த பிறகுதான் பலரும் உணர்கிறார்கள். நல்ல தளம் இணைப்பு இடைவெளி இல்லாத கான்கிரீட்டால் ஆனது. ஈரம் காயுமுன் இயந்திரத்தால் தேய்த்து மட்டப்படுத்தப்பட்டது. ஐப்பசி, கார்த்திகை மழைநீர் தேங்காதபடி மிக மெல்லிய சரிவும் வேண்டும். பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரை பார்க்க அழகு. ஆனால் சக்கரத்துக்குப் பிடிமானம் தராது. மொசைக்கும் கிரானைட்டும் அப்படித்தான். டைல்ஸில் ஒவ்வோர் இணைப்பும் கணுக்காலை அதிர வைக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது பேவர் பிளாக். கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டு நகரங்களில் அமைந்த பூங்கா நடைபாதைகள், ஆற்றங்கரை நடைமேடைகள், பள்ளி வளாகங்கள் எனப் பெரும்பாலும் இந்தக் கற்களைத்தான் பதித்திருக்கிறார்கள். மழைநீர் உள்ளே இறங்கும், குழாய் பதிக்கத் தோண்டினால் திரும்ப அடுக்கலாம் என்ற வசதிகள் உண்டு என்பது உண்மையே. ஆனால் கற்களுக்கிடையே உள்ள பள்ளத்தில் சிறு சக்கரம் சிக்கினால் பிள்ளை முன்னோக்கி விழும். புதுப் பூங்காக்கள் இத்தனை வந்தும் ஸ்கேட்டிங்குக்கு இடம் கூடவில்லை என்றால், முதல் காரணம் இந்தக் கல்தான். பூங்காவின் ஒரு மூலையில் 20 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளத்தில் கான்கிரீட் தளம் போட்டால் ரோலர் ஹாக்கி ஆடும் அளவுக்கே இடம் கிடைத்துவிடும்.

சக்கரங்கள் பாலியூரிதேனால் ஆனவை. சறுக்குப் பலகையில் 1970களின் தொடக்கத்தில் இந்தப் பொருள் வந்த பிறகுதான் பலகை சாலையைப் பிடித்து ஓடத் தொடங்கியது. அதற்கு முன் களிமண் கலவையிலும் உலோகத்திலும் செய்த சக்கரம் சிறு கல் பட்டாலே நின்றுவிடும். இன்று சொரசொரப்பான வெளித்தரைக்கு மென்மையான சக்கரமும், வழவழப்பான தளத்துக்குக் கடினமானதும் பூட்டுகிறார்கள். நான்கு சக்கரம் இரண்டிரண்டாக அமைந்தது ‘குவாட்’. ஜேம்ஸ் பிளிம்ப்டன் 1863இல் நியூயார்க்கில் உருவாக்கிய வடிவம் இது. உடலைச் சாய்த்தாலே திரும்பும். ஒரே வரிசையில் சக்கரங்கள் கொண்டது ‘இன்லைன்’. வேகப் போட்டிக்காரர்கள் 110 அல்லது 125 மில்லிமீட்டர் சக்கரம் பூட்டுவர். டெல்டா மண்ணில் இரண்டுக்கும் பொது எதிரி தூசி. பேரிங்கில் நுண்மணல் புகுந்தால் சக்கரம் கரகரவென்று சத்தமிட்டு வேகம் குறையும். கழற்றித் துடைத்து, எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பூட்டத் தெரிந்த பிள்ளை பாதி வித்தையைக் கற்றுவிட்டது எனலாம்.

தடத்திலிருந்து உலகப் பட்டம் வரை

இந்திய ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பு 1955இல் தோன்றியது. ஆசிய விளையாட்டில் இந்தியா இதில் முதன்முதலாகப் பதக்கம் பெற்றது 2010 குவாங்சோவில். அவை கலைச்சறுக்கில் கிடைத்த இரு வெண்கலங்கள். வேகச் சறுக்கில் தமிழ்நாட்டின் பெயர் வெளியே தெரிந்தது 2023 அக்டோபர் 2 அன்று, சீனாவின் ஹாங்சோவில். மகளிர் 3000 மீட்டர் தொடரோட்டத்தில் வெண்கலம் வென்ற நால்வரில் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரி ராஜும் தமிழ்நாட்டவர். அதே நாளில் ஆடவர் தொடரோட்டத்திலும் வெண்கலம் கிடைத்தது. அந்த அணியில் சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் இருந்தார். உலகம் அந்தப் பந்தயத்தை நினைவில் வைத்திருப்பது வேறு காரணத்துக்காக: வென்றுவிட்டதாக எண்ணித் தென்கொரிய வீரர் கோட்டுக்கு முன்பே கைகளை உயர்த்த, பின்னால் வந்த தைவான் வீரர் காலை நீட்டி நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் தங்கத்தைப் பறித்தார்.

ஆனந்த்குமார் 2021இல் கொலம்பியாவில் நடந்த உலக இளையோர் போட்டியில் வெள்ளி பெற்றவர். 2025 ஆகஸ்டில் செங்டு உலக விளையாட்டுகளில் 1000 மீட்டர் வெண்கலம் வென்றார். செப்டம்பரில் பெய்தைஹேயில் நடந்த உலக வேகச் சறுக்குப் போட்டியில் 1000 மீட்டரிலும் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் வென்றார். இந்த விளையாட்டில் மூத்தோர் பிரிவு உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் இவர்.

பன்னாட்டுத் தடம் 200 மீட்டர் சுற்றளவும் 6 மீட்டர் அகலமும் கொண்டது; வளைவுகளில் தளம் வெளிப்புறமாக உயர்ந்திருக்கும். தட்டையான கூடைப்பந்துத் தளத்தில் கற்றவர் அத்தகைய வளைவில் முதன்முறை நுழையும்போது உடலை எவ்வளவு சாய்ப்பது என்று தடுமாறுவது இயல்பு. நெடுந்தூரப் பயிற்சிக்காகச் சிலர் அதிகாலையில் புதிதாகத் தார் போட்ட நெடுஞ்சாலைகளை நாடுகிறார்கள். லால்குடியை ஒட்டிச் செல்லும் திருச்சி–சிதம்பரம் சாலை போன்றவை வழவழப்பில் ஆசை காட்டும். ஆனால் மணல் லாரியும் பேருந்தும் ஓடும் சாலையில், முன்னும் பின்னும் காவல் வண்டி இல்லாமல் பிள்ளைகளை இறக்குவது பயிற்சி ஆகாது.

சறுக்குப் பலகைப் பூங்காக்கள்

பலகைப் பூங்கா அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வளர்ந்தது. அலை இல்லாத நாளில் கடற்கரை இளைஞர்கள் பலகையில் சக்கரம் பூட்டித் தெருவில் ஓட்டினார்கள். 1970களின் நடுவில் வந்த வறட்சியில் வீட்டு நீச்சல்குளங்கள் வற்றிக்கிடக்க, அவற்றின் வளைந்த சுவர்களில் ஏறி இறங்கினார்கள். இன்றைய பூங்காக்களில் உள்ள ‘பவுல்’ அந்தக் குளத்தின் வடிவமே. விளிம்பில் பதித்த இரும்புக் குழாய்கூட நீச்சல்குள விளிம்புக் கல்லின் வாரிசு. டோக்கியோ ஒலிம்பிக்கில் சறுக்குப் பலகை பதக்க விளையாட்டானது.

தமிழ்நாட்டிலும் கடலே இதைக் கொண்டுவந்தது என்பது பொருத்தம்தான். அலைச்சறுக்கு வளர்ந்த கோவளம், மாமல்லபுரம் மீனவர் குடியிருப்புகளில்தான் பலகையும் முதலில் பிடித்தது. மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி சிறுமியாக இருந்தபோது, கவுனுடன் வெறுங்காலில் சரிவில் இறங்கும் படத்தை அமெரிக்கச் சறுக்கு வீரர் டோனி ஹாக் பகிர, அது உலகெங்கும் பரவியது. அவரையும் அவர் தாயையும் பற்றிய ‘கமலி’ என்ற குறும்படம் 2020இல் பிரிட்டிஷ் திரைப்பட அகாதமி விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. கமலி பின்னர் அலைச்சறுக்குப் போட்டிகளுக்கு மாறினார்.

இந்தியாவில் பூங்கா ஊரையே மாற்றியதற்கு எடுத்துக்காட்டு மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்து ஜன்வார். 2015இல் ஜெர்மானியரான உல்ரிகே ரைன்ஹார்ட் அங்கே கான்கிரீட் பூங்கா ஒன்றைக் கட்டினார். விதிகள் இரண்டே: பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை, பெண் பிள்ளைகளுக்கே முன்னுரிமை. அந்த ஊரின் ஆஷா கோண்ட் 2018இல் சீனாவின் நாஞ்சிங்கில் நடந்த உலகப் போட்டியில் இந்தியா சார்பில் கலந்துகொண்டார். ராஜஸ்தானின் கெம்பூரில் ‘ஸ்கேட்டர் கேர்ள்’ (2021) திரைப்படத்துக்காகக் கட்டிய பூங்கா, படப்பிடிப்பு முடிந்தும் ஊர்ப் பிள்ளைகளுக்கே விடப்பட்டது. இரண்டுமே சிற்றூர்கள். ஆகவே, பெருநகரம்தான் இதற்கு ஏற்ற இடம் என்ற வாதம் எடுபடாது.

திடலுக்குச் செல்வோருக்கு

முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்புகளும் தலைக்கவசமும் கட்டாயம் என்று கொள்வது நல்லது. விழும்போது கையை ஊன்றுவது இயற்கை. அதனாலேயே மணிக்கட்டு முதலில் உடைகிறது. முழங்காலை மடக்கி, காப்பின் மேல் சரிந்து விழப் பழக்குவதுதான் நல்ல பயிற்சியாளரின் முதல் பாடம். கோடையில் பகல் முழுதும் காய்ந்த கான்கிரீட் பொழுது சாய்ந்த பின்னும் சுடும். காலை ஆறிலிருந்து எட்டு வரை ஏற்ற நேரம். மழை விட்டவுடன் இறங்கக் கூடாது. பவுலில் ஒரு நேரத்தில் ஒருவரே இறங்குவார். மற்றவர்கள் விளிம்பில் நின்று முறைக்குக் காத்திருப்பார்கள்.

பனி

தமிழ்நாட்டுக்கு ஏரிப்பனி அறிமுகமானது கண்ணாடித் தம்ளரில். பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டூடர் அந்தப் பகுதி ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிப்பாளங்களை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். 1833இல் கல்கத்தாவுக்கு முதல் சரக்கு வந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த கிடங்கே ‘ஐஸ் ஹவுஸ்’. 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் கட்டடம் அதுதான். பாஸ்டன் பகுதிப் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் ஏரிப்பனியின் துண்டுகள் சென்னை வெள்ளைக்காரர்களின் பானத்தில் கரைந்தன.

இந்தியாவில் திறந்தவெளிப் பனிச்சறுக்குக்குப் பழைய இடம் சிம்லா. 1920இல் பிளெசிங்டன் என்ற அயர்லாந்துக்காரர் டென்னிஸ் தளத்தில் நீரூற்றி இரவில் உறையவிட்டார். லக்கட் பஜார் அருகே அந்தத் திடல் இன்றும் நடக்கிறது. மாலையில் நீர் தெளிப்பார்கள், விடிவதற்குள் உறையும். காலையும் மாலையும் சறுக்கலாம். மேகம் மூடினாலோ குளிர் குறைந்தாலோ அன்றைக்கு ஆட்டம் இல்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான பருவத்தில் ஆடக் கிடைக்கும் நாட்கள் சூடேறும் குளிர்காலங்களால் சுருங்கிவருகின்றன. லடாக்கின் லே நகரில் குளிர் மிகக் கடுமையானதால் உறைந்த குளங்களே திடல். அங்கிருந்தே இந்திய மகளிர் பனி ஹாக்கி அணியின் பெரும்பகுதி வருகிறது. அந்த அணி 2025இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காகக் கட்டி நெடுங்காலம் மூடிக்கிடந்த உள்ளரங்கு 2025இல் மீண்டும் திறக்கப்பட்டது.

திடலில் சுற்றிச் சுற்றி வராமல் தடமாக நீண்டு செல்லும் பனியைப் பார்க்கக் கனடா போக வேண்டும். ஒட்டாவாவின் ரீடோ கால்வாய் 1970–71 குளிர்காலம் முதல் 7.8 கிலோமீட்டர் பனிப்பாதையாகத் திறக்கப்படுகிறது. 2007இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. பனி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் கனம் அடைந்தால்தான் மக்களை அனுமதிப்பார்கள். 2022–23 குளிர்காலத்தில் அந்தக் கனம் வரவே இல்லை. ஒரு நாள்கூடத் திறக்காத முதல் ஆண்டு அது.

ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் டொராண்டோவில் மாநகராட்சி நடத்தும் திறந்தவெளித் திடல்கள் 50க்கு மேல். நவம்பர் இறுதி முதல் மார்ச் நடு வரை நுழைவு இலவசம். இவற்றின் அடியில் குளிர்விக்கும் குழாய்கள் ஓடுவதால் வானிலையை முழுதும் நம்பியிருக்க வேண்டியதில்லை. கார்டினர் விரைவுச்சாலைப் பாலத்தின் அடியில் 2018 ஜனவரியில் திறந்த ‘பெண்ட்வே’ தடம் 220 மீட்டர் நீளத்தில் எட்டு வடிவில் வளைகிறது. மேலே வாகன இரைச்சல், கீழே சறுக்குவோர். ஸ்கார்பரோவின் ஆல்பர்ட் கேம்பெல் சதுக்கத் திடல் தமிழ்க் கடைகள் நிறைந்த பகுதிகளுக்குப் பக்கம். சறுக்கும் பருவத்தின் நடுவில் பொங்கல் வருவதால் ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டிகள் தடுப்புக்கு வெளியே நின்று பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதுண்டு. முதல்முறை இறங்குவோர் காலணியைத் தளர்வாகக் கட்டக் கூடாது. கணுக்காலில் இறுக்கமாகவும் விரல் பக்கம் சற்றே இளக்கமாகவும் கட்ட வேண்டும். கம்பளிக் காலுறை இரண்டு போட்டால் கால் உள்ளே வழுக்கும். மெல்லியது ஒன்று போதும்.